ஆபரேஷன் பற்றிப் பிள்ளையிடம் எப்போது, எவ்வளவு, எப்படிச் சொல்வது

குழந்தைக்கு ஆபரேஷன் தேதி முடிவானதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "பிள்ளைகிட்ட சொல்லலாமா, வேண்டாமா?" என்பதுதான். பெரியவர்கள் கூடிப் பேசிப் பெரும்பாலும் வேண்டாம் என்றே முடிவு செய்வார்கள். சின்னப் பிள்ளை, எதற்கு இப்போதே பயமுறுத்த வேண்டும், அங்கே போனதும் டாக்டர் பார்த்துக்கொள்வார், மயக்கம் கொடுத்துவிட்டால் ஒன்றும் தெரியப்போவதில்லை. பாசத்தில் எடுக்கிற முடிவுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அறுவை சிகிச்சைக்குப் போகும் குழந்தைகளைப் பற்றி மருத்துவர்களும் உளவியலாளர்களும் பல பத்தாண்டுகளாகக் கற்றுக்கொண்டது இதற்கு நேர்மாறானது.

நீங்கள் சொல்லாவிட்டாலும் ஏதோ நடக்கப்போகிறது என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசுகிறீர்கள், அது உள்ளே வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது, திடீரென்று எல்லோரும் கேட்டதையெல்லாம் வாங்கித் தருகிறார்கள், ரத்தம் எடுக்கக் கூட்டிப் போகிறார்கள், ஒரு நாள் காலையில் பசிக்கிறது என்று அழுதாலும் யாரும் சாப்பாடு தருவதில்லை. இதையெல்லாம் சேர்த்து அது தனக்குள் ஒரு கதை கட்டிக்கொள்ளும், அந்தக் கதை அநேகமாக உண்மையைவிடப் பயங்கரமாக இருக்கும். அதனால் சொல்லத்தான் வேண்டும். எவ்வளவு சொல்வது, எத்தனை நாள் முன்னால் சொல்வது, அந்த வயதில் உள்ளே ஒளிந்திருக்கும் பயம் எது என்பதெல்லாம்தான் வயதுக்கு வயது மாறும்.

ஒரு காலத்தில் மருத்துவமனைகளே இந்தப் பக்கம் யோசித்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல நாடுகளில் குழந்தைகள் வார்டில் பெற்றோர் தங்க முடியாது, பார்வை நேரம் மிகக் குறைவு. அம்மா வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடுகிறது, ஆகவே வராமல் இருப்பதே நல்லது என்பது அன்றைய நம்பிக்கை. 1945இல் டேவிட் லெவி என்ற மனநல மருத்துவர், ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தைகளிடம் தோன்றும் இரவுப் பயங்களையும் நடத்தை மாற்றங்களையும் விரிவாக எழுதினார். 1952இல் பிரிட்டனில் சமூகப் பணியாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனியாக விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை நாள்வாரியாகப் படம் பிடித்துக் காட்டினார். அவரும் அவரோடு வேலை செய்த மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் சொன்னது இதுதான்: அந்தக் குழந்தை அடங்கவில்லை, நம்பிக்கை இழந்துபோய் அழுவதை விட்டுவிட்டது. மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளின் நலன் பற்றி 1959இல் பிரிட்டனில் வந்த பிளாட் அறிக்கை, பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம், சிறு குழந்தைகளுடன் தாய் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. இன்று நாம் குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை என்றால், அதற்குப் பின்னால் இவ்வளவு போராட்டம் இருக்கிறது.

பயம் என்பது அன்றைய அழுகையோடு முடிந்துபோகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அப்படி முடிவதில்லை. அமெரிக்காவில் ஜீவ் கேன் என்ற மயக்கவியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) ஆபரேஷனுக்கு வந்த 5 முதல் 12 வயது வரையுள்ள 241 குழந்தைகளைக் கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் அதிகம் பதறிய குழந்தைகளுக்குப் பிறகு வலியும் அதிகமாக இருந்தது, வீட்டுக்குப் போன பின்னும் வலி மருந்து கூடுதலாகத் தேவைப்பட்டது, தூக்கம் கெட்டது. மனசைத் தயார் செய்வது வைத்தியத்தின் ஒரு பகுதி என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சரி, வயதுக்கு வருவோம்.

கைக்குழந்தையிடம் சொல்ல ஒன்றுமில்லை, தயாராக வேண்டியது நீங்கள்தான். ஆறேழு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை யார் தூக்கினாலும் ஓரளவு அமைதியாக இருக்கும், அதற்குப் பிறகு வேற்று முகம் பார்த்துப் பயப்படத் தொடங்கும். கடைசி நிமிடம் வரை தெரிந்த ஒருவர் கையிலேயே இருப்பதும், வழக்கமாகப் படுக்கும் துணியை வாசனை போகாமல், துவைக்காமல் கொண்டு போவதும் உதவும். தாய்ப்பாலை எப்போது நிறுத்த வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பொதுவாக 4 மணி நேரம் என்பார்கள்.

ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் ஆபரேஷன் என்றால் என்ன என்பதே புரியாது. அந்த வயதின் பயம் ஒன்றே ஒன்று: அம்மாவோ அப்பாவோ தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்பது. ஒரு வாரம் முன்னால் சொல்வதில் பயனில்லை, "அடுத்த வியாழக்கிழமை" என்பது அதற்கு ஒரு பொருளும் தராது. முதல் நாளோ அன்று காலையோ, இரண்டு மூன்று சின்ன வாக்கியங்களில் சொன்னால் போதும். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். டாக்டர் உன் காதைச் சரி பண்ணுவாங்க. அம்மா கூடவே வருவேன்." அவ்வளவுதான், அதையே திரும்பத் திரும்பக் கேட்கும், அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். இந்த வயதில் செய்யவே கூடாத ஒன்று, குழந்தை வேறு பக்கம் பார்க்கும்போது நைசாக நழுவிப் போவது. அழுதாலும் பரவாயில்லை, "போயிட்டு வரேன், நீ முழிக்கும்போது இங்கே இருப்பேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். ஒருமுறை காணாமல் போன அம்மாவை, அடுத்த பல நாட்களுக்குப் பாத்ரூம் போகக்கூட அது விடாது.

இன்னொன்று. ஊசி போடும்போது நாலு பேர் சேர்ந்து குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து அழுத்திப் பிடிப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். மடியில் உட்கார வைத்து, நெஞ்சோடு அணைத்து, ஒரு கையை மட்டும் நர்ஸிடம் நீட்டினால் அதே வேலை குறைந்த அழுகையோடு முடியும். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். தயங்காமல் கேளுங்கள்.

மூன்றிலிருந்து ஆறு வயது வரைதான் மிகவும் கவனம் தேவைப்படும் பருவம் என்பது என் எண்ணம், ஏனென்றால் இந்த வயதில் குழந்தைக்குப் பேச்சு நன்றாக வந்துவிடுகிறது, அதனால் புரிந்துகொண்டது என்று நாம் நினைத்துவிடுகிறோம். ஆனால் அதன் யோசனை வேறு வழியில் ஓடுகிறது. தான் நினைப்பதாலேயே காரியங்கள் நடக்கின்றன என்று நம்பும் வயது இது. தம்பியை அடித்தேன், அதனால்தான் எனக்கு வயிற்றில் கட்டி வந்தது. சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தேன், அதனால்தான் ஆஸ்பத்திரியில் விடப்போகிறார்கள். இப்படிப் பல குழந்தைகள் நினைக்கும், வாய்விட்டுச் சொல்லாது. நாமும் "குறும்பு பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று சும்மா மிரட்டி வைத்திருப்போம், அது இப்போது வட்டியோடு திரும்பி வரும். ஆகவே, குழந்தை கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு: "நீ எந்தத் தப்பும் பண்ணல. யார் தப்பும் இல்ல. உன் உடம்புல ஒரு இடத்துல சரி பண்ண வேண்டியிருக்கு, அதான் போறோம்."

இந்த வயதின் இரண்டாவது பயம் உடம்பைப் பற்றியது. தோலில் ஒரு ஓட்டை விழுந்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும் என்று அது நினைக்கிறது, சின்னச் சிராய்ப்புக்கும் பிளாஸ்திரி கேட்டு அழுவது இதனால்தான். குடலிறக்கம், விதை (விரை) அதன் பைக்குள் இறங்காமல் இருப்பது போன்றவற்றுக்கு ஆபரேஷன் செய்யப்போகும் ஆண் குழந்தைகளுக்குத் தன் உறுப்பையே எடுத்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கலாம். எந்த இடத்தில் செய்வார்கள், எந்த இடத்தைத் தொடவே மாட்டார்கள் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "வெட்டுவாங்க" என்று சொல்வதைவிட "சின்னதாத் திறந்து, சரி பண்ணி, மூடி, மேலே கட்டுப் போடுவாங்க" என்று சொல்லலாம், அதுவும் பொய்யில்லை.

மயக்கம் பற்றிச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். "தூங்க வைப்பாங்க" என்று மட்டும் சொன்னால், ராத்திரி தூங்கும்போதும் யாராவது வந்து ஏதாவது செய்துவிடுவார்களோ என்று நினைத்துத் தூங்கப் பயப்படும் குழந்தைகள் உண்டு. வீட்டில் வளர்த்த நாய்க்குட்டியோ தாத்தாவோ இறந்தபோது "தூங்கிட்டாங்க" என்று கேட்டு வளர்ந்த குழந்தைக்கு அந்தச் சொல் இன்னும் மோசம். "இது மருந்தால வர்ற தூக்கம், ராத்திரித் தூக்கம் மாதிரி இல்ல. இதுல வலி தெரியாது, யார் தொட்டாலும் முழிப்பு வராது. வேலை முடிஞ்சதும் டாக்டர் மருந்தை நிறுத்துவாங்க, நீ முழிச்சுக்குவ" என்று முழுசாகச் சொல்ல வேண்டும்.

சொல்வதைவிட விளையாட்டு இங்கே நன்றாக வேலை செய்யும். இரண்டு மூன்று நாள் முன்னால் ஒரு பொம்மையை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மருத்துவமனையில் கேட்டால் பழைய மாஸ்க் ஒன்று தருவார்கள், கிடைக்காவிட்டால் பேப்பர் கப் போதும். பொம்மைக்குத் தொப்பி, பொம்மைக்கு மாஸ்க், பொம்மை பலூன் ஊதுவது போல மூச்சு விடுகிறது, தூங்கிவிடுகிறது, வயிற்றில் ஒரு கட்டு, அப்புறம் முழித்துக்கொள்கிறது, பக்கத்தில் அம்மா பொம்மை. முதலில் நீங்கள் டாக்டர், அடுத்து குழந்தை டாக்டர். அது டாக்டராக இருக்கும்போது சும்மா இருந்து கவனியுங்கள். பொம்மையைத் திட்டிக்கொண்டே ஊசி போடுகிறதா? கட்டைப் போட்டுவிட்டு மறுபடி மறுபடி பிரித்துப் பார்க்கிறதா? அம்மா பொம்மையை அறைக்கு வெளியே தள்ளிவிட்டு உள்ளே விடமாட்டேன் என்கிறதா? எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று அந்த விளையாட்டே காட்டிக் கொடுத்துவிடும், நேரடியாக "பயமா இருக்கா?" என்று கேட்டால் வரும் "இல்ல"வில் கிடைக்காத தகவல் அது.

"வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் எந்த வயதிலும் சொல்லிவிடாதீர்கள். வலிக்கும்போது ஊசியோடு சேர்த்து உங்களையும் அது நம்பாமல் போகும். "கொஞ்சம் வலிக்கலாம், வலிச்சா சொல்லு, அதுக்கு மருந்து இருக்கு" என்பது உண்மை. ஊசி குத்தும் இடத்தை மரத்துப்போகச் செய்யும் களிம்பும் உண்டு, அது வேலை செய்ய முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் முன்னதாகவே கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். அதேபோல, விருப்பம் கேட்பதாக இருந்தால் நிஜமான விருப்பத்தைக் கேளுங்கள். எந்த பொம்மையை எடுத்துப் போகலாம், எந்தக் கையில் ஊசி, நடந்து போகலாமா தூக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்கலாம். "ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று கேட்டு, அது "வேண்டாம்" என்ற பிறகு இழுத்துக்கொண்டு போவது நியாயமில்லை.

ஆறு முடிந்து பள்ளிப் பருவம் வந்துவிட்டால் குழந்தைக்கு விவரம் வேண்டும், நிறையவே வேண்டும். ஐந்து முதல் ஏழு நாள் முன்னால் சொல்வது இந்த வயதுக்குப் பொருந்துகிறது, முதல் நாள் அவசரமாகச் சொன்னால் பதற்றம் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்டு, யோசித்து, மறுநாள் வேறு கேள்வியோடு வர அவர்களுக்கு நேரம் தேவை. படம் வரைந்து காட்டுங்கள், டான்சில் எங்கே இருக்கிறது, எதனால் வீங்குகிறது, எடுத்தால் என்ன ஆகும். இந்த வயதில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் அடியில் இருக்கும்: "நடுவுல முழிச்சிட்டா?" அதன் மறுபக்கம், "முழிக்காமலே போயிட்டா?" இரண்டையும் சிரித்துத் தள்ளாமல் பதில் சொல்ல வேண்டும். மயக்க மருந்து டாக்டர் என்று தனியாக ஒருவர் இருக்கிறார், ஆபரேஷன் முடியும் வரை உன் பக்கத்தைவிட்டுப் போகமாட்டார், உன் இதயத்துடிப்பு, மூச்சு, ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் எல்லாவற்றையும் திரையில் பார்த்துக்கொண்டே மருந்தைக் கூட்டிக் குறைப்பார், முடிந்ததும் எழுப்புவதும் அவர் வேலைதான் என்று சொன்னால் ஒன்பது வயதுப் பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ளும். முடிந்தால் அந்த டாக்டரை முன்னாடியே ஒருமுறை பார்க்க வையுங்கள், கேள்விகளைக் குழந்தையே எழுதி எடுத்துவந்து கேட்கட்டும், நீங்கள் குறுக்கே பதில் சொல்லாதீர்கள்.

இந்த வயதில் நம்மை ஏமாற்றுவது அமைதியான பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் தலையாட்டும், அழாது, "தைரியமான பிள்ளை" என்று எல்லோரும் பாராட்டுவார்கள், அந்தப் பாராட்டைக் காப்பாற்றவே வாயைத் திறக்காது. "சில பிள்ளைகளுக்கு மாஸ்க் வைக்கும்போது பயமா இருக்குமாம், சில பேருக்கு ஊசிதான் பயமாம், உனக்கு எது?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வரும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு விவரம் பிடிக்காது என்பதும் உண்மை, ஒரு பிள்ளை ஊசி உள்ளே போவதைப் பார்த்தால்தான் நிம்மதி என்று சொல்லும், இன்னொன்று திரும்பிக்கொண்டு வீடியோ பார்க்க வேண்டும் என்று சொல்லும். இரண்டும் சரிதான்.

பதின்வயதினரிடம் "சொல்வது" என்ற பேச்சுக்கே இடமில்லை, முடிவெடுக்கும் இடத்திலேயே அவர்களும் இருக்க வேண்டும். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தைகளின் கருத்துக்கு அவர்கள் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தர வேண்டும் என்று 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு சொல்கிறது. இவர்களுடைய கவலைகள் நாம் எதிர்பார்க்காத இடத்தில் இருக்கும்: தழும்பு தெரியுமா, அந்த கவுனுக்குள் ஒன்றும் போடக்கூடாதா, யார் யார் பார்ப்பார்கள், மயக்கம் தெளியும்போது எதையாவது உளறிவிடுவேனா. பெரிய வைத்தியம் நடக்கும்போது இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்டுவிடாதீர்கள், பதினான்கு வயதில் அதுதான் பெரிய விஷயம். டாக்டரோடு தனியாகப் பேச பத்து நிமிடம் கொடுத்து நீங்கள் வெளியே போங்கள். புகை, மது போன்றவை மயக்க மருந்தைப் பாதிக்கும், அப்பா அம்மா எதிரில் எந்தப் பிள்ளையும் அதைச் சொல்லாது. செத்துப்போவேனோ என்ற பயமும் இந்த வயதில் நிஜமாகவே இருக்கும், போனில் தேடித் தேடிப் படித்திருப்பார்கள். என்ன படித்தாய் என்று கேட்டு, சேர்ந்து உட்கார்ந்து டாக்டரிடம் தெளிவுபடுத்திக்கொள்வதுதான் வழி. அப்புறம், அவ்வளவு பெரிய பையன் அன்று ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொள்ளச் சொன்னால் ஆச்சரியப்படாமல் படுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும், முன்பு மருத்துவமனையில் மோசமான அனுபவம் பட்ட குழந்தைகளுக்கும் வயதுக் கணக்கு அப்படியே பொருந்தாது. அந்த இடங்களின் நிஜப் புகைப்படங்களை வரிசையாக வைத்து முன்கூட்டியே காட்டுவது, கையில் மாட்டும் பட்டையையும் தொப்பியையும் வீட்டிலேயே போட்டுப் பழக்குவது, காத்திருக்க வேண்டியில்லாமல் காலை முதல் ஆபரேஷனாக வைக்கக் கேட்பது ஆகியவை நன்றாக உதவும். எந்தச் சத்தம், எந்தத் தொடுகை பிடிக்காது என்பதை நர்ஸிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அன்றைய நாளில் சின்னக் குழந்தைகளின் அழுகைக்குப் பாதிக் காரணம் பசியும் தாகமும். திட உணவுக்கு 6 மணி நேரம், தண்ணீர் போன்ற தெளிந்த திரவத்துக்கு 2 மணி நேரம் என்பது பல காலமாக உள்ள கணக்கு, இப்போது பல மருத்துவமனைகள் தண்ணீருக்கு 1 மணி நேரமே போதும் என்கின்றன. நள்ளிரவிலிருந்தே தண்ணீர்கூடத் தராமல் போட்டுவிட வேண்டாம், உங்கள் குழந்தைக்கு எத்தனை மணி வரை என்று சரியாகக் கேட்டு அந்த நேரம் வரை கொடுங்கள். ஆனால் பாவமாக இருக்கிறதே என்று அதற்கு மேல் ஒரு வாய் பிஸ்கட்கூட ஒளித்துக் கொடுத்துவிடாதீர்கள், மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

மிகவும் பயந்த குழந்தைக்கு மிடசோலம் போன்ற மருந்தை வாய்வழியாகக் கொடுப்பார்கள், இருபது முப்பது நிமிடத்தில் பதற்றம் தணியும். மயக்கம் கொடுக்கும்போது பெற்றோர் உள்ளே இருக்கலாமா என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். ஆய்வுகளிலும் இதற்கு ஒரே பதில் கிடைக்கவில்லை, நிதானமான பெற்றோர் பக்கத்தில் இருந்தால் உதவுகிறது, நடுங்கிக்கொண்டிருப்பவர் இருந்தால் குழந்தையின் பயமும் ஏறுகிறது. அதனால் அம்மாதான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை, வீட்டில் யார் தைரியமோ அவர் போகட்டும். உள்ளே போகிறவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மருந்து ஏறும்போது குழந்தையின் கண் மேலே சொருகும், கை கால் ஒரு நொடி வெட்டும், குறட்டை போலச் சத்தம் வரும், உடம்பு துவண்டுவிடும். இதெல்லாம் வழக்கமானதுதான். தெரியாமல் பார்த்தால் மனசு தாங்காது.

விழிக்கும் நேரத்துக்கும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். முகரும் மயக்க மருந்துக்குப் பிறகு, குறிப்பாக இரண்டிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகள், கண்ணைத் திறந்தபடியே யாரையும் அடையாளம் தெரியாமல் கத்தி, உதைத்து, டிரிப்ஸ் குழாயைப் பிடுங்கப் பார்க்கும். அம்மா கூப்பிட்டாலும் தெரியாது. பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும், குழந்தைக்குப் பிறகு அது நினைவிலேயே இருக்காது. பாதுகாப்பாகப் பிடித்துக்கொண்டு, மெதுவான குரலில் பேசுங்கள், விளக்கு மங்கலாக இருந்தால் நல்லது.

அவசர ஆபரேஷன் என்றால் இத்தனைக்கும் நேரம் இருக்காது. அப்போதும் இரண்டு நிமிடம் கிடைக்கும். இப்போது என்ன செய்யப்போகிறார்கள், நான் எங்கே இருப்பேன், முழிக்கும்போது எப்படி இருக்கும் என்ற மூன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். மீதி விளக்கத்தைப் பிறகு சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும்.

உங்கள் பயத்தை என்ன செய்வது? பெற்றோரின் பதற்றம் அப்படியே பிள்ளைக்குத் தொற்றும் என்பது திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட உண்மை. அதற்காகச் சிலை போல முகத்தை வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. "அம்மாவுக்கும் கொஞ்சம் கவலையாத்தான் இருக்கு, ஆனா இந்த டாக்டர்களை நம்புறேன்" என்று பெரிய பிள்ளையிடம் சொல்லலாம். உடைந்து அழ வேண்டியிருந்தால் கூடப்பிறந்தவரிடமோ சிநேகிதரிடமோ போய் அழுங்கள், குழந்தை உங்களைத் தேற்றும் நிலைமை வர வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு சில நாட்கள் படுக்கையில் சிறுநீர் போவது, கெட்ட கனவு, இடுப்பைவிட்டு இறங்காமல் இருப்பது, காரணமில்லாத கோபம் எல்லாம் வரும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் குறையும். திட்டாதீர்கள், "இவ்வளவு பெரிய பிள்ளை" என்று கேலி செய்யாதீர்கள். டாக்டர் விளையாட்டை மறுபடி எடுங்கள், நடந்ததைக் குழந்தையே தன் வழியில் சொல்லட்டும், தப்பாகப் புரிந்துகொண்ட இடத்தை மட்டும் திருத்துங்கள். ஒரு மாதம் தாண்டியும் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை, பள்ளிக்கூடம் போகவே மறுக்கிறது, டாக்டர் என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்குகிறது என்றால் குழந்தைகள் மனநல நிபுணரைப் பார்ப்பது நல்லது. இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருக்கும் குழந்தை என்றால், இந்தமுறை எது உதவியது, எந்த நிமிடத்தில் அழுகை தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த தடவை மயக்க மருந்து டாக்டரிடம் முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.